கோனா ராத்திரி டைவ்: மாண்டா கேரண்டின்னாங்க, எனக்குக் கிடைச்சது குளிர் மட்டும்தான்

கேள்வி, ஜனவரி 21

மார்ச்ல ஹவாய் பெரிய தீவுக்குப் போறோம். அங்க கோனால ராத்திரி காத்து டேங்க் கட்டிட்டு கடலுக்குள்ள இறங்கி மாண்டா ரேங்குற ராட்சசத் திருக்கை மீனப் பாக்குற ட்ரிப் புக் பண்ணலாம்னு இருக்கேன். ஓப்பன் வாட்டர்ங்குற அடிப்படை டைவிங் கோர்ஸ் முடிச்சு 14 டைவ் ஆச்சு, நைட் டைவ் பண்ணதில்ல. எல்லா கம்பெனியும் "மாண்டா கேரண்டி"ங்குறான். போய்ட்டு ஏமாந்தவங்க யாராவது இருக்கீங்களா? ஆஹா ஓஹோன்னு சொல்றவங்க வேணாம், அது அவனுங்க வெப்சைட்டுலயே வண்டி வண்டியா இருக்கு.

ஜனவரி 21, ராத்திரி 10:50

நான் இருக்கேன். போன வாரம்தான் போய்ட்டு வந்தேன், பையிலேருந்து ஈர வாடை கூட இன்னும் போகல, அதனால கொஞ்சம் சூடாத்தான் வரும்.

ரெண்டு டேங்க் ட்ரிப். ஹோனோகோஹாவ் ஹார்பர்லேருந்து சாயங்காலம் நாலு மணிக்குப் படகு. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல கார்டன் ஈல் கோவ்னு ஒரு எடம். பொழுது சாயறதுக்குள்ள ஒரு டைவ், அப்புறம் மேல வந்து படகுல ஒரு மணி நேரம் ஈரத்தோட நடுக்கம், நல்லா இருட்டினதும் ரெண்டாவது டைவ், அதுதான் மாண்டா. பத்து மீட்டர் ஆழத்துல பிளாஸ்டிக் கூடைக்குள்ள லைட்டுங்கள மேல பாக்க வச்சு, சுத்தி வட்டமா நம்மள உக்கார வச்சுடுவாங்க. கேம்ப்ஃபயர்னு பேரு. கையில ஒரு டார்ச், அதையும் மேல புடிச்சுக்கணும். வெளிச்சத்துக்குப் பிளாங்க்டன்னு சொல்ற பொடிப்பொடி கடல் உயிருங்க வரும், பிளாங்க்டனுக்கு மாண்டா வரும், தலைக்கு மேல குட்டிக்கரணம் அடிச்சு அடிச்சு தின்னும். இது கணக்கு.

கணக்கு வரல. நாப்பத்தஞ்சு நிமிஷம் முட்டி போட்டு உக்காந்திருந்தேன், பள்ளிக்கூடத்துல கூட அவ்வளவு நேரம் முட்டி போட்டதில்ல. ஆஹோலேஹோலேன்னு அங்க சொல்ற உள்ளங்கை அளவு வெள்ளி மீன் ஒரு நூறு லைட்டுப் பொட்டிய மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு, விளக்குல ஈசல் மாதிரி. ஒரு விலாங்கு கல்லுக்கு அடியிலேருந்து வந்து என் கால் துடுப்ப மோந்து பாத்துட்டுப் போச்சு. மாண்டா பூஜ்யம்.

ஒன்பது படகு எண்ணுனேன் நான். ஒன்பது படகு ஜனமும் அந்த ஒரே வட்டத்துக்குள்ள. ஒருத்தன் என் தலையில காலை வச்சுத்தான் உக்காந்தான்.

ஜனவரி 22, காலை 7:15

கேரண்டி பத்தி கேட்டிருந்தீங்க, நேத்து கோவத்துல அத விட்டுட்டேன்.

கேரண்டின்னா பணம் திரும்பத் தர்றது இல்ல. மாண்டா வரலைன்னா இன்னொரு நாள் ஓசில கூட்டிட்டுப் போவாங்க, அதுவும் படகுல எடம் இருந்தாத்தான். எனக்கு மறுநாள் ராத்திரி ஃப்ளைட். அதுக்குக் குடுத்த துண்டுச் சீட்ட வச்சு நான் என்ன பண்றது, ஃபிரேம் போட்டு மாட்டிக்கவா? படகு ஓட்டுற அம்மா சிரிச்ச முகத்தோட "அடுத்த தடவ வரும்போது கொண்டு வாங்க"ங்குறாங்க. அடுத்த தடவையாம். வர்றதுக்கே மூணு வருஷம் சேத்து வச்சேன்.

அவங்க ஏமாத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன், பேப்பர்ல சின்ன எழுத்துல எல்லாம் போட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் கேரண்டிங்குற பெரிய எழுத்த மட்டும் படிச்சேன்.

ஜனவரி 22, ராத்திரி 9:30

ஒரு திருத்தம். நேத்து "மாண்டா பூஜ்யம்"னு எழுதினது பொய்.

அண்ணி படிச்சுட்டு உடனே போன் பண்ணிட்டாங்க. "ஏன்ப்பா, நான் பாத்தேன்ல? என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சே, அது என்ன கணக்கு?"

சரி, சொல்லிடுறேன். நாங்க மூணு பேர் போனோம். அண்ணன், அண்ணி, நான். எனக்கு மட்டும்தான் டைவிங். அண்ணிக்கு நீச்சல் சுமாராத்தான் வரும், மூச்சுக்குழாய் வச்சு மேலயே மெதக்குற ஸ்நார்கல் க்ரூப்ல சேந்தாங்க. அது எப்படின்னா, தண்ணி மேல ஒரு பெரிய சர்ஃப்போர்டு மாதிரிப் பலகை மிதக்கும், அதுக்கு அடியில லைட்டு, சுத்திப் புடி. புடியப் புடிச்சுக்கிட்டு குப்புற மெதக்கணும், கணுக்காலுக்கு அடியில நூடுல்னு சொல்ற ஃபோம் குழாய் ஒண்ணக் குடுத்துடுவாங்க, கால் கீழ தொங்கி மாண்டா மேல படாம இருக்க. மேல இருக்கவங்க மேலயே, கீழ இருக்கவங்க கீழயே, நடுவுல இருக்குற தண்ணி மாண்டாவுக்கு. சட்டம் அதுதான்.

அண்ணி பயத்துல கண்ண மூடிக்கிட்டே பத்து நிமிஷம் மெதந்திருக்காங்க. பக்கத்துல யாரோ கத்தவும் கண்ணத் தொறந்தா, ஒரு முழம் கீழ வெள்ளையா ஒரு வாய். "வாய்னா வாய் இல்லப்பா, ஒரு குகை. உள்ள வரைக்கும் தெரியுது. செவுளெல்லாம் தெரியுது." அது அப்படியே வயித்தக் காட்டிப் பொரண்டு கீழ போயிருக்கு, திரும்ப வந்திருக்கு, மூணு தடவ.

அந்த நேரத்துல கீழ நான் மாஸ்க்குலேருந்து தண்ணி ஊதி வெளிய தள்ளிக்கிட்டு இருந்தேன்.

அதான் பூஜ்யம்னு எழுதினேன். அண்ணி கணக்குல ஒண்ணு, என் கணக்குல பூஜ்யம். ரெண்டும் ஒரே படகு.

அண்ணன் நெலம என்னன்னு கேக்காதீங்க, அவரு படகு நின்ன அஞ்சாவது நிமிஷத்துலேருந்து ஓரமா குனிஞ்சவருதான். ஜனவரில அங்க வடமேக்கு அலை வரும், படகு மிதவையில கட்டி நிக்கும்போதுதான் ரொம்ப ஆடும், ஓடும்போது தெரியாது. மாத்திரை போடுறதுன்னா கெளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா மாத்திரையும் சேந்து கடலுக்குத்தான்.

ஜனவரி 23

"தண்ணி எப்படி இருந்துச்சு, கலங்கலா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இந்தக் கேள்வி எனக்கு அங்கயே தோணியிருக்கணும்.

தண்ணி பளிங்கு. சாயங்கால டைவ்ல முப்பது மீட்டருக்கு அப்பால வரைக்கும் தெரிஞ்சுது, மேல வந்து எல்லாரும் கை தட்டாத கொறதான், "என்னா விசிபிலிட்டி, என்னா விசிபிலிட்டி"ன்னு. கைடு மட்டும் ஒண்ணும் சொல்லாம டேங்க் மாத்திக்கிட்டு இருந்தான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தண்ணி அவ்வளவு சுத்தமா இருக்குன்னா அதுல தின்ன ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். மாண்டா நம்மளப் பாக்க வர்றதில்ல, சாப்பிட வருது. இலையில ஒண்ணும் இல்லன்னா பந்திக்கு எவன் வருவான்?

ராத்திரி உள்ள இறங்கினதும் டார்ச்ச மேல தூக்கினேன், வெளிச்சம் நேரா கம்பி மாதிரி போச்சு. நல்ல ராத்திரின்னா அப்படி இருக்காதாம், வெளிச்சத்துக்குள்ள ரவை கொட்டின மாதிரி சுழலுமாம், முடிக்குள்ள பூந்து அரிக்குமாம். அன்னிக்கு என் டார்ச்சுல தூசி கூட இல்ல. சினிமாத் தியேட்டர்ல புரொஜெக்டர் வெளிச்சத்துல இருக்குற தூசி அளவு கூட இல்ல.

அதனால உங்களுக்கு ஒரு துப்பு: சாயங்கால டைவ்ல தண்ணி ரொம்பத் தெளிவா இருந்தா சந்தோஷப்படாதீங்க. கலங்கினா மாண்டா கட்டாயம் வரும்னும் இல்ல, அது வேற. பெரிய அலை மணலக் கெளப்பி வர்ற கலங்கல் வேற, தீனியால வர்ற கலங்கல் வேற.

இந்த லைட்டு ஏற்பாடே தற்செயலா வந்ததுதான். 1970கள்ல கேயாஹூ விரிகுடா ஓரமா ஒரு ஹோட்டல் கட்டி, விருந்தாளிங்க ராத்திரி அலை பாக்கட்டும்னு கடல் மேல பெரிய லைட்டு போட்டிருக்காங்க. அலை பாக்க உக்காந்தவங்களுக்கு மாண்டா தெரிஞ்சிருக்கு. அந்த எடத்த இப்ப மாண்டா வில்லேஜ்னு சொல்றாங்க, நாங்க போனது வடக்குல இருக்குற மத்த எடம். நடுவுல அந்த ஹோட்டல் மூடிக் கிடந்த காலத்துல லைட்டும் இல்ல, அங்க மாண்டா வரத்தும் கொறஞ்சு போச்சு, படகுங்கெல்லாம் ஏர்போர்ட் பக்கம் போயிட்டாங்க. லைட்டுக்குப் பழகின மீன்தான் இது.

ஜனவரி 23, கொஞ்சம் கழிச்சு

"பழகின மீன்"னு எழுதினதுக்கு ரெண்டு பேர் பாய்ஞ்சிருக்கீங்க. தீனி போட்டுப் பழக்கினதுன்னு நான் சொல்லல. யாரும் எரை போடுறதில்ல, அது தின்றது கடல்ல தானா இருக்குற பிளாங்க்டனத்தான், லைட்டு அத ஒரு எடத்துல கூட்டுது, அவ்வளவுதான்.

அது இயற்கையா செயற்கையான்னு சண்ட போடுறவங்க போடுங்க. எனக்கு வரல, நான் எந்தப் பக்கம் சேர்றது?

ஜனவரி 24

மீசை.

மாஸ்க் ஏன் ஒழுகுச்சுன்னு கேட்ட அந்த நல்ல மனுஷனுக்கு: மீசை. மாஸ்க்கோட சிலிக்கான் ஓரம் மூக்குக்குக் கீழ தோல்ல ஒட்டணும், மயிர் மேல ஒட்டாது, இடுக்கு வழியா தண்ணி கசியும். மூக்குக்கு நேர் கீழ ஒரு கோடு மட்டும் சிரைச்சுக்கிட்டாப் போதும்னு பழைய டைவருங்க சொல்வாங்க, எனக்கும் தெரியும், பகல் டைவ்ல எல்லாம் கொஞ்சமாத்தான் கசியும், சமாளிச்சுடுவேன், அதனால கைய வைக்கல. ராத்திரி முட்டி போட்டு மேலயே பாத்துக்கிட்டு இருந்தா கசிஞ்ச தண்ணி கண்ணுக்கும் மூக்குக்கும் வந்து நிக்குது. குனிஞ்சு பாக்குறப்ப வராத கஷ்டம் அண்ணாந்து பாக்குறப்ப வருது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஊதித் தள்ள வேண்டியிருந்துச்சு.

அண்ணன் சொன்னது: "டேய், ஒரு பிளேடு ஒரு டாலர்டா. நீ கட்டினது நூத்தி எழுவது."

ஜனவரி 25

நேத்து மீசை பத்தி எழுதினப்புறம் தூக்கம் வரல, உக்காந்து அந்த டைவ்வ மொதல்லேருந்து யோசிச்சேன். கைடு மேல எனக்கு இருந்த கோவத்துல பாதி வாபஸ்.

வெயிட், அதாவது கீழ முங்குறதுக்காகக் கட்டுற ஈயம். வழக்கமா நான் 12 பவுண்டு கட்டுவேன். அன்னிக்கு 18 கட்டி விட்டான். மாண்டா டைவ்ல நீந்துறது கிடையாது, தரையில உக்காந்திருக்கணும், அலை இழுப்புக்கு ஆடாம இருக்கத்தான் கூட வெயிட்டுன்னு படகுலயே விளக்கமா சொன்னான், நான் சரியாக் கேக்கல. உள்ள இறங்கும்போது கல்லு மாதிரி போனேன், பயந்து, மேல மெதக்க வைக்கிற ஜாக்கெட்டுல காத்த அடிச்சேன், கூட அடிச்சதுல மேல கெளம்பினேன், மறுபடி காத்த விட்டேன், கீழ தொம்முன்னு உக்காந்தேன், மணல் கெளம்பி பக்கத்துல இருந்த ஜெர்மன்காரருக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு. அவரு விரல ஆட்டிக் காமிச்சார். என் தலையில ஒருத்தன் காலை வச்சான்னு மொத நாள் பெரிசா எழுதினேனே, அது நான் அவரு எடத்துல போய் விழுந்ததனால.

அப்புறம் காத்து. பத்து மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, மேல இழுக்குறதுல ரெண்டு பங்கு காத்து ஒவ்வொரு மூச்சுக்கும் போகும். சும்மா உக்காந்திருக்கவனுக்கு அது பிரச்சனையே இல்ல, ஒரு மணி நேரம் கூட வரும். நான் பதட்டத்துலயும் குளிர்லயும் பெருமூச்சா விட்டுக்கிட்டு இருந்தேன். டேங்க்ல 3000 பிஎஸ்ஐ அழுத்தத்துல காத்து வச்சு இறங்கினவன், நாப்பத்தஞ்சாவது நிமிஷம் கேஜ் பாத்தா 700. கைடு கிட்ட காமிச்சேன், மேல போன்னு கட்டை விரலத் தூக்கினான். என்னோட இன்னும் ரெண்டு பேர். மீதிப்பேர் இன்னும் பத்து நிமிஷம் கீழ இருந்தாங்க.

அந்தப் பத்து நிமிஷத்துல அந்த மாண்டா கேம்ப்ஃபயர் மேல ஒரு சுத்து சுத்திட்டுப் போச்சாம். ஜெர்மன்காரர் மேல வந்து சொன்னார். மொகத்துல அவ்வளவு சிரிப்பு. இத இங்க எழுதவே வேணாம்னுதான் இருந்தேன்.

குளிர் பத்தி ஒண்ணு. தண்ணி 25 டிகிரி, கேக்க ஒண்ணும் இல்ல மாதிரி இருக்கும். ஆனா அசையாம உக்காந்தா உடம்பு சூட்ட அது உறிஞ்சிக்கிட்டே இருக்கும். போட்டிருக்குற டைவிங் சூட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போனா ஒரு நிமிஷம் சொர்க்கம், அதுக்கப்புறம் முன்னவிட மோசம். இது அனுபவம்.

ஜனவரி 26

பௌர்ணமின்னா மாண்டா வராதுன்னு மேல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நிலா வெளிச்சத்துல பிளாங்க்டன் கடல் பூரா பரவிடும், லைட்டுக்கு மதிப்புப் போயிடும்னு அவரு வாதம். அங்க படகுக்காரங்க கிட்டயும் கேட்டேன், ஒருத்தர் ஆமாங்குறார், இன்னொருத்தர் பௌர்ணமில இருபது பாத்திருக்கேங்குறார். எங்க ராத்திரி மேகம் மூடிக் கிடந்துச்சு, நிலா கண்ணுல படவே இல்ல. நிலா மேல பழி போட எனக்கு ஆசைதான், ஆதாரம் இல்ல.

ஜனவரி 26, அதே தொடர்ச்சி

"ஏழு மீட்டர் மாண்டா கோனால வரும்"னு எழுதினவருக்கு: ஏழு மீட்டர் வளர்றது பெருங்கடல் மாண்டா, அது வேற. கோனால லைட்டுக்கு வர்றது ரீஃப் மாண்டா, ரெக்கைக்கு ரெக்கை மூணு நாலு மீட்டர் இருக்கும், நல்லாப் பெரிசுன்னா அஞ்சு. ரெண்டும் ஒரே ஜாதின்னுதான் 2009 வரைக்கும் நெனச்சிருந்தாங்க. வாலுல முள் கிடையாது, நம்ம பக்கத்துத் திருக்கை மாதிரி குத்துற வேலை இல்ல, அண்ணி கிட்ட இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பத்து நிமிஷம் கண்ண மூடியிருக்க மாட்டாங்க.

நாலு மீட்டர் கம்மியான்னு கேக்காதீங்க. என் ஹால் அகலம் அது.

ஜனவரி 29

அண்ணியோட வீடியோ வந்துச்சு. நாலு செகண்டு.

மொத செகண்டுல பலகையோட புடி, அண்ணியோட கட்டை விரல். ரெண்டாவதுல கீழேருந்து ஒரு வெள்ளை எழும்புது, தலையில இருக்குற ரெண்டு மடலும் விரிஞ்சு முறம் மாதிரி தண்ணிய வாய்க்குள்ள தள்ளுது. நீந்தும்போது அந்த மடலச் சுருட்டி வச்சுக்கும், அப்ப கொம்பு மாதிரி தெரியும், தின்னும்போது மட்டும் விரிக்கும். மூணாவதுல வயிறு பூரா ஸ்க்ரீன அடைச்சுக்குது, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு செவுள் கீறல், அதுக்குக் கீழ கறுப்புப் புள்ளிங்க. நாலாவது செகண்டு இருட்டு, யாரோ "ஓ மை காட்".

அந்தப் புள்ளிதான் அதோட கைரேகை. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. கோனால அத வச்சுத்தான் பட்டியல் போட்டு பேர் வச்சிருக்காங்க, லெஃப்டின்னு ஒரு பொம்பள மாண்டா, இடது பக்கத்து மடல் ஒடிஞ்சது, 1979லயே பதிஞ்சிருக்காங்க. நம்ம ஆளு யாருன்னு கண்டுபுடிக்க நானும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், புள்ளி மசங்கலா இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கலாம்னா வால் பக்கம் ஃபிரேமுக்குள்ளயே வரல. ஆம்பளைக்கு வால் அடியில ரெண்டு குச்சி மாதிரி இருக்கும்.

தண்ணிக்குள்ள மாடு கத்துற மாதிரி ஒரு சத்தம், நீளமா, கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு அண்ணி படகுலயே சொன்னாங்க. நான் பெரிய டைவர்ல, "அது படகு எஞ்சின் அண்ணி"ன்னுட்டேன். வீடியோல காத வச்சுக் கேட்டா எஞ்சின் இல்ல. ஜனவரில ஹம்ப்பேக் திமிங்கலங்க அலாஸ்கா பக்கத்துலேருந்து குட்டி போட அங்க வரும், ஆம்பளைங்க பாடும். எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் தண்ணிக்குள்ள கேக்கும். கீழ எனக்கு என் மூச்சுக் குமிழிச் சத்தம்தான் காத அடைச்சுச்சு.

மாண்டாவும் அவங்களுக்கு, திமிங்கலமும் அவங்களுக்கு. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, நீ எஞ்சின்னு சொன்னதால பயப்படாம இருந்தேன்"னாங்க.

பிப்ரவரி 2

பேச்சு மாலத்தீவுக்குப் போயிடுச்சு, சரி நானும் வர்றேன். ஹனிஃபாரு பே நான் போனதில்ல, அண்ணிக்கு ஏத்த எடம்னு மட்டும் சொல்வேன். பா அட்டோல்ங்குற பவளத் தீவுக் கூட்டத்துல இருக்கு, 2011ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆன எடம். தென்மேற்குப் பருவக்காத்து காலத்துல நீரோட்டம் பிளாங்க்டனத் தள்ளிக்கிட்டு வந்து அந்தப் புனல் மாதிரி விரிகுடாக்குள்ள அடைச்சுடும், மாண்டா கூட்டம் கூட்டமா வரும். பட்டப்பகல்ல. லைட்டு வேணாம், டேங்க் வேணாம். டேங்க் அங்க தடை, ஸ்நார்கல் மட்டும்தான்.

டைவிங் கார்டு எடுக்க நான் செலவு பண்ண காசுக்கு... விடுங்க.

ஸ்நார்கலா டைவ்வான்னு இங்க பெரிய சண்டையே நடக்குது. நல்ல ராத்திரின்னா கீழ உக்காந்து முழு மேடையையும் பாக்குறதுதான் அழகுன்னு போனவங்க எல்லாரும் சொல்றாங்க, நான் மறுக்கல. எங்களது மாதிரி தீனி கம்மியான ராத்திரில என்ன ஆச்சுன்னா, இருந்த கொஞ்சம் பிளாங்க்டனும் பலகை லைட்டுக்கு அடியில மேலயே நின்னுடுச்சு, வந்த ஒத்த மாண்டாவும் பெரும்பாலும் மேலயே நின்னுடுச்சு. ஒரே ஒரு ராத்திரிய வச்சு நான் சொல்றேன், அந்த அளவுக்கு மட்டும் நம்புங்க.

பிப்ரவரி 3

அந்தத் தீவுல இருக்குற பெரிய மலை மவுனா கேயா, அந்தக் கதைய யாரோ கேட்டீங்க. வேணாம்னு பாத்தேன்.

ட்ரிப்ப நான்தான் பிளான் பண்ணேன். மாண்டா கடைசிக்கு முந்தின ராத்திரி, மறுநாள் மவுனா கேயா உச்சி, அன்னிக்கு ராத்திரி ஃப்ளைட். பெருமையா எக்ஸெல் ஷீட் எல்லாம் போட்டு. டைவ் படகுல ஃபாரம் நிரப்பும்போது அங்க வேலை பாக்குற பொண்ணு கேக்குது, நாளைக்கு என்ன பிளான்னு. சொன்னேன். பேனாவக் கீழ வச்சுட்டா.

டைவ் பண்ணா ரத்தத்துல நைட்ரஜன் கரைஞ்சு நிக்கும். அது மெதுவா வெளிய போகணும். அதுக்குள்ள காத்தழுத்தம் கம்மியான உயரத்துக்குப் போனா சோடா பாட்டிலத் தொறந்த மாதிரி ரத்தத்துல குமிழி கட்டும். ரெண்டு டைவ் பண்ணா ஃப்ளைட்டுக்கு 18 மணி நேரம் விடணும்னு எனக்கே தெரியும், அது ஃப்ளைட்டுக்கு மட்டும்னு நெனச்சுட்டேன். மவுனா கேயா 4200 மீட்டர். ஃப்ளைட் கேபினுக்குள்ள இருக்குற அழுத்தத்த விட அங்க கம்மி. உச்சி கிடக்கட்டும், அதுக்குப் போற சேடில் ரோடே ரெண்டாயிரம் மீட்டருக்கு ஏறுது. ஒரு நாள் முழுசா போகட்டும்னாங்க.

அண்ணனும் அண்ணியும் டேங்க் கட்டலைல்ல. ஃபோர் வீல் டிரைவ் எடுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. நான் ரூம்ல ஈர சூட்ட பால்கனில காயப்போட்டுட்டு டிவி பாத்தேன். உச்சியிலேருந்து மேகத்துக்கு மேல நின்னு ஃபோட்டோ அனுப்புறார் அண்ணன், முந்தின நாள் பூரா வாந்தி எடுத்த மனுஷன்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கார், "அப்ப போகணுமா வேணாமா, ஒரு வரில சொல்லுங்க"ன்னு. ஒரு வரில வராது.

போங்க. ஆனா வந்து இறங்கின மொத ராத்திரியே மாண்டாவ வைங்க, ஃப்ளைட் களைப்பு இருந்தா ரெண்டாவது ராத்திரி. அப்பத்தான் அந்தக் கேரண்டி சீட்டுக்கு உயிர் இருக்கும், வரலைன்னா மறுநாள் நிக்கலாம். எரிமலை, மவுனா கேயா எல்லாம் அதுக்கு முந்தி முடிச்சுடலாம்னு தோணும், முடிச்சா நான் பண்ண தப்புக்கு வந்துடுவீங்க, மாண்டா கடைசிக்குப் போயிடும். மாண்டா, மறுபடி மாண்டாவுக்கு ஒரு ராத்திரி, நடுவுல ஒரு நாள் கடற்கரையில சும்மா கெடங்க, அப்புறம் மலை. புக் பண்ணும்போது எத்தன பேருக்கு ஒரு கைடுன்னு கேளுங்க, மழுப்பினா வேற எடம் பாருங்க. இது உங்களுக்கு மொத நைட் டைவ்ங்குறதால, ரெண்டு டேங்க் ட்ரிப்பாவே எடுங்க. வெளிச்சத்துல ஒரு தடவ அந்த எடத்தப் பாத்துட்டா ராத்திரி பயம் பாதி கொறையும்.

அந்தச் சாயங்கால டைவ்வ நான் மதிக்கவே இல்ல, இது இன்னொரு வருத்தம். மணல் சரிவுல கார்டன் ஈல்ங்குற குட்டி விலாங்கு நூத்துக்கணக்குல நிக்குது, நாத்து நட்ட வயல் மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் நீரோட்டத்தப் பாத்து ஆடிக்கிட்டு. கிட்டப் போகப் போக முன் வரிசை உள்ள எறங்குது, பின்னால போனா மறுபடி மொளைக்குது. அந்த எடத்துக்கு அந்தப் பேரே அதனாலதான். நான் கேஜையும் வாட்சையும் பாத்துக்கிட்டு "எப்படா இருட்டும்"னு இருந்தேன்.

டிப்ஸ் பத்திக் கேட்டவருக்கு: குடுத்தேன், இருபது டாலர். மாண்டா வராததுக்குக் கைடு என்ன பண்ணுவான். அண்ணி தனியா நாப்பது குடுத்தாங்க, அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் போய்ட்டு வந்துட்டார். மேல அவரு எழுதினத எல்லாரும் பாத்திருப்பீங்க. ஏழு மாண்டா. ஏழு. ஒண்ணு அவரு முடிய உரசாத கொறையா போச்சாம், வெளிச்சம் பூரா ரவை மாதிரி சுழன்டுச்சாம், "நீங்க சொன்ன அதே மாதிரி சார்"ங்குறார். நான் சொன்னது கேள்விப்பட்டது தம்பி, பாத்தது இல்ல.

சந்தோஷம். நெசமாத்தான் சொல்றேன்.

எத்தன பவுண்டு கட்டினாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் உங்களுக்கு மீசை இருக்கா?